பன்னிரண்டாம் நம்பர் போத்தலும் ஸ்ட்ராபெரிப் பாத்தியும்

1

"அன்புள்ள அப்பாவுக்கு, ஏப்ரல் விடுமுறைக்கு நான் வீட்டுக்கு வரவில்லை. என்னோடு படிக்கும் ரூத் நுவரெலியாவில் உள்ள தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அங்கே தோட்டத்தில் ஸ்ட்ராபெரி பழுத்திருக்குமாம். நாமே செடியிலிருந்து பறித்துப் பாலேடு ஊற்றிச் சாப்பிடலாமாம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லவும்."

1936 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை என்று தேதியிட்டு, கண்டியில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் ஒரே மகள் கமலம் எழுதிய கடிதம் இது. வயது பதினான்கு. எனக்குக் கிடைத்தது 12ஆம் தேதி காலை. பக்குவமாகச் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. என் மனைவி விசாலம் என் தோளுக்கு மேலாகவே படித்து முடித்துவிட்டாள்.

"போன டிசம்பருக்கும் நாலே நாள்தான் இருந்தா. இப்ப அதுவும் இல்ல. ஒரு பழத்துக்காகப் பெத்தவங்கள விட்டுட்டுப் போறா பாருங்க" என்றாள்.

13ஆம் தேதி நான் பதில் எழுதினேன். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. நான் எழுதும் எல்லாக் கடிதத்துக்கும் நகல் வைப்பேன். "நம் வீட்டிலும் ஸ்ட்ராபெரி இருக்கிறது. ஏப்ரலில் நன்றாகப் பழுத்திருக்கும். நீயே பறிக்கலாம்" என்று அதில் இருக்கிறது.

அன்று காலை எங்கள் வீட்டு ஸ்ட்ராபெரிப் பாத்தியின் நிலவரம், என் நாட்குறிப்புப்படி: செடி இருபத்து மூன்று. பூ மூன்று. பழம் இல்லை. ஓட்டையில்லாத இலை ஒன்று.

2

என் சொந்த ஊரான துறையூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஸ்ட்ராபெரியை விளக்க வேண்டும். போன முறை ஊருக்கு வந்தபோது என் அண்ணாவிடம் விளக்கிப் பார்த்தேன். தரையோடு படரும் செடி, பெருவிரல் நுனி அளவில் சிவப்புப் பழம், விதை பழத்துக்கு உள்ளே இல்லாமல் தோலின் மேலேயே ஒட்டியிருக்கும் என்றேன். அண்ணா, "முந்திரிக்குக் கொட்டை வெளியே தொங்குறதையே நான் இன்னும் ஒத்துக்கல" என்றார். அதே பேச்சில் நான் பாட்டிலைப் போத்தல் என்றும் ரொட்டியைப் பாண் என்றும் சொல்லிவிட்டேன். அண்ணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "கொழுந்தனாரு எந்த ஊருக்காரரு?" என்று கேட்டார். இந்தக் குறிப்பு நெடுகப் போத்தல் என்றே எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளவும்.

நான் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கியது 1915 மார்ச் 11. இந்த மார்ச்சோடு இருபத்தொரு வருஷம் முடிந்தது. இதில் பதினெட்டு வருஷம் மாத்தளையிலிருந்து ரத்தோட்டை போய் அதற்கு மேலும் ஏற வேண்டிய இந்தத் தேயிலைத் தோட்டத்தில்தான். தோட்டத்து மருந்துச் சாலையில் மருந்து கலந்து கொடுப்பது என் வேலை. ஜனங்கள் என்னை மருந்தையா என்பார்கள்.

செடி வந்த வழி: தோட்டத்துப் பெரிய துரையின் மனைவி போன செப்டம்பரில் சீமைக்குக் கப்பலேறினாள். அவளுடைய நாயின் காதுப் புண்ணுக்கு நான் மூன்று வாரம் மருந்து போட்டதற்கு நன்றியாக, ஒரு பிஸ்கட் தகரத்தில் ஆறு செடி வைத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, "உன்னால் முடியாது. நாலு வருஷமாக எனக்கே ஒரு கிண்ணம் கிடைத்ததில்லை. எல்லாம் நத்தைக்குத்தான்" என்று இங்கிலீஷில் வாழ்த்தினாள். செடி கொடி விட்டு, கொடி வேர் விட்டு, ஆறு இருபத்து மூன்றாயிற்று. அதில் என் திறமை ஏதுமில்லை.

3

துறையூரில் எங்கள் அப்பாவின் கத்தரிப் பாத்திக்கு இருந்த ஒரே எதிரி பக்கத்து வீட்டு ஆடு. ஆடு மேய்ந்தால் ஆட்டுக்காரனைத் திட்டலாம். அவன் திருப்பித் திட்டுவான். பொழுது போகும். இங்கே எதிரிக்குச் சொந்தக்காரன் இல்லை. அதுதான் பரதேசத்தில் பயிர் செய்வதன் முதல் கஷ்டம்.

முதலில் வந்தது கொண்டைக்குருவி. பச்சைக் காயில் ஒரு கொத்து, அடுத்த காயில் ஒரு கொத்து; எதையும் முழுதாகத் தின்னாது. துவைத்துத் துவைத்துப் பழையதாகிவிட்ட கட்டுத்துணிச் சல்லா என்னிடம் இருந்தது. மூங்கில் குச்சி வளைத்து, பாத்தி முழுக்க அதைப் போர்த்தினேன். மறுநாள் காலை கொழுந்தெடுக்கப் போன பெண்கள் வேலியோரம் நின்றுவிட்டார்கள்.

"ஏன்டி, மருந்தையா செடிக்கெல்லாம் கட்டுப் போட்டிருக்காரு."

"நம்ம காலுக்குக் கேட்டா துணி இல்லைங்கிறாரு."

"செடிக்கும் பேதி மருந்து குடுத்திருப்பாரு, கிட்டப் போகாத."

குருவி நின்றது. பேச்சு நிற்கவில்லை.

அடுத்தது அணில். அதற்கு விசாலத்தின் பழைய தகர மூடிகளைக் கயிற்றில் கோத்துக் கட்டினேன். அணில் இரண்டு நாள் பயந்தது. விசாலம் இன்றுவரை மூடியைத் தேடுகிறாள். பெரிய ஓட்டு நத்தைகளைக் கண்ணால் கண்டு கையால் பொறுக்கலாம். ஆனால் உண்மையான எதிரி ஓடில்லாத நத்தை. சுண்டுவிரல் நீளம், ஈர மண்ணின் நிறம். பகலில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. விடிந்து பார்த்தால் வெள்ளி இழுத்த மாதிரி ஒரு கோடும் பாதிக் காயும் இருக்கும். சாம்பல் தூவினேன். மழை கரைத்தது. சுண்ணாம்பு போட்டேன். செடி மஞ்சளாயிற்று. தேயிலைத் தூசி பரப்பினேன். அதன் மேல் ஏறி நின்று தின்றது.

மாத்தளையில் ஒரு பழம் புத்தகக் கடையில் வாங்கி வைத்திருந்த ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகத்தைப் பிப்ரவரி 27 காலை புரட்டினேன். ஒரு தட்டில் பீர் ஊற்றி மண்மட்டத்துக்குப் புதைத்து வை, நத்தை வாசனைக்கு வந்து விழுந்து சாகும் என்று இருந்தது.

"பீருக்கு எங்க போறது? கீழ தவறணையில கள்ளு இருக்கே, அது ஆகாதா?" என்றாள் விசாலம்.

ஆகும். ஆனால் ஒரு சிக்கல். எங்கள் தோட்டத்து மதுவிலக்குச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கீழே ரோட்டோரம் இருக்கும் அந்தக் கள்ளுத் தவறணையை மூடச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருந்தவனும் நானே.

4

எங்கள் பக்கத்து வீட்டில் டீமேக்கர் பெரேரா இருக்கிறார், சிங்களவர். தேயிலைத் தொழிற்சாலை அவர் பொறுப்பு. தவறணையில் உட்கார அவருக்கென்று ஒரு வாங்குப் பலகை உண்டு. ஆறு வருஷமாக நான் அவருக்கு வேலிக்கு மேலாக மதுவின் தீமைகளை எடுத்துச் சொல்லி வருகிறேன். பிப்ரவரி 28 காலை அதே வேலியில் நின்று, நாளுக்கு ஒரு போத்தல் கள் வாங்கித் தர முடியுமா என்று கேட்டேன்.

பெரேரா பல் துலக்கும் குச்சியை வாயிலிருந்து எடுத்தார். அவருக்கு நான் டொக்டர் மாத்தயா, அதாவது டாக்டர் ஐயா.

"அனே, டொக்டர் மாத்தயா. கடைசியில நீங்களும் வந்தது."

"எனக்கில்லை. நத்தைக்கு."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்றது. நான் மாமனாருக்குன்னு சொன்னது."

யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தார். கள் தவறணைப் போத்தலில் வரக் கூடாது என்பதால் மருந்துச் சாலைப் போத்தல் ஒன்றைக் கொடுத்தேன். இங்கேதான் நான் தப்புச் செய்தேன். மருந்துச் சாலை அலமாரியில் பெயர் ஒட்டாத போத்தல் நிற்கக் கூடாது என்பது விதி; பதினெட்டு வருஷத்தில் நான் அதை மீறியதில்லை. கள் என்று ஒட்ட முடியாது. இருமல் மருந்து என்று பொய்யாக ஒட்ட மனம் வரவில்லை. எங்களிடம் உள்ள மருந்துக் கலவைகளுக்கு ஒன்றிலிருந்து பதினொன்று வரை நம்பர் உண்டு. வேட்டை நாய்க்குப் பேர் வைக்கிற மாதிரி யோசித்து, கடைசியில் '12' என்று எழுதி ஒட்டினேன். அது பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை என்று அன்று எனக்குத் திருப்தி.

விசாலம் கொட்டாங்கச்சி சேர்த்துக் கொடுத்தாள். இங்கே சிரட்டை என்பார்கள். மறுநாள் தேநீர் வேளைக்குப் பிறகு ஆறு சிரட்டையைப் பாத்தியில் புதைத்து ஊற்றினேன். மார்ச் 1 காலைக் குறிப்பு: நத்தை முப்பத்தொன்று, எல்லாம் சிரட்டைக்குள், அசைவில்லை. கடிபட்ட புதிய காய் இல்லை.

பெரேராவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்து, "பாவம். கெட்ட பழக்கம்" என்றார்.

5

பெரிய கங்காணி வீராசாமி எங்கள் சங்கத்தின் தலைவர். முந்நூறு ஆட்கள் அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டவர்கள். காதில் சிவப்புக்கல் கடுக்கன், கறுப்புக் கோட்டு, வெயிலிலும் மழையிலும் மடக்கியே வைத்திருக்கும் குடை. கள்ளைத் தொட்டவனுக்குக் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை கிடையாது என்று சட்டம் கொண்டுவந்தவர். அவருக்கு மூன்று மாதமாக ஒரு வறட்டு இருமல்.

மார்ச் 9, திங்கள். மருந்துக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்க, அவர் வழக்கப்படி நேரே உள்ளே வந்து அலமாரி முன் நின்றார். அதே சமயம் பன்னிரண்டாம் நம்பர்ப் போத்தல், வெயில் சூட்டில் புளித்துப் பொங்கி, கார்க்கைத் தானாகவே கூரைக்கு எறிந்தது.

"அது என்னங்க மருந்தையா?"

"வாயு."

"போத்தலுக்கா?"

அதற்குள் அவர் நம்பரைப் படித்துவிட்டார். "பன்னெண்டா? பதினொண்ணும் குடிச்சுப் பாத்துட்டேன், இருமல் போகல. புதுசு வந்தத எனக்குச் சொல்லாம வச்சிருக்கீங்களே." மருந்துக் கிளாஸை எடுத்தார், ஊற்றினார், குடித்தார். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். "கங்காணியாரே, அது கள்" என்று நான் சொன்னால் நாற்பது காதில் விழும். சங்கச் செயலாளரின் அலமாரியில் கள், சங்கத் தலைவரின் வாயில் கள். நான் சொல்லவில்லை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு சற்று நின்றார். "கொஞ்சம் புளிப்பு. தொண்டைக்கு இதமா இருக்குங்க" என்றார். மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். வேளைக்கு இரண்டு அவுன்ஸில் தொடங்கி 20ஆம் தேதிக்குள் ஆறு அவுன்ஸ் ஆயிற்று. சிரட்டை ஆறு, நாலாகக் குறைந்தது. பாத்தியின் கீழ் ஓரத்தில் வெள்ளிக்கோடு மறுபடி தெரிந்தது. என் மகள் சாப்பிட வேண்டிய பழத்தைத் தலைவர் குடித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் உண்மை நிலவரம்.

22ஆம் தேதி ஞாயிறு சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து பேசினார். "கள்ளுல என்ன இருக்கு? நம்ம மருந்தையாகிட்ட பன்னெண்டாம் நம்பருன்னு ஒண்ணு இருக்கு. அதுல ரெண்டு வாய் குடிச்சுப் பாருங்க, கள்ள நீங்களே மறந்துடுவீங்க." எல்லாரும் கை தட்டினார்கள். நான் குறிப்பேட்டில் எழுதினேன். பின்வரிசையில் வேடிக்கை பார்க்க வந்திருந்த பெரேரா வெளியே போய்விட்டார். அவர் சிரிப்பு தொழிற்சாலைப் பக்கமிருந்து கேட்டது.

இதற்கிடையில் நான் இன்னொரு காரியமும் செய்தேன். பூச்சி கொல்வதற்குக் கள் வாங்கினால் அது மது அருந்துவதில் சேருமா என்று, என் பெயர் வராதபடி, மருந்துச் சாலை விலாசம் மட்டும் போட்டு, உரிய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: மனு மூன்று பிரதிகளில் இல்லை, மனுதாரர் பெயர் இல்லை, கள் வாங்கும் நோக்கம் 'குடிக்க', 'வினாகிரிக் காடி செய்ய' என்ற இரண்டில் எது என்று குறிக்கப்படவில்லை, நத்தைக்குத் தனிப் பத்தி கிடையாது.

கமலத்திடமிருந்தும் ஒரு வரி வந்தது. "சரி அப்பா. ஏப்ரல் 4 சனிக்கிழமை காலை வருகிறேன். பழம் இல்லையென்றால் திங்களே ரூத் வீட்டுக்குப் போய்விடுவேன்." விசாலம் அந்தக் கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

6

ஏப்ரல் 3, வெள்ளி. பாத்தியில் பதினொரு பழம், ஒரு பக்கம் சிவந்து மறுபக்கம் வெளுத்து நின்றன. அன்றே பறித்துக் கிண்ணத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால் "நாமே பறித்து" என்று அவள் எழுதியிருக்கிறாள். கிண்ணத்தில் வைத்தால் கண்டிக் கடையில் வாங்கினது என்பாள். அவளுக்கு அந்தச் சந்தேகப் புத்தி என்னிடமிருந்து வந்தது.

மத்தியானம் இரண்டு மணிக்கு இடித்துப் பெய்தது. இப்படிப்பட்ட மழைக்குப் பிறகு நத்தை எவ்வளவு வரும் என்று என் குறிப்புகள் சொல்கின்றன. முந்தைய மழைக்குக் கொழுந்து பொங்கிவிட்டதால் பெரேரா இரண்டு நாளாகத் தொழிற்சாலையை விட்டு இறங்கவில்லை. புதுக் கள் இல்லை. அலமாரியில் அரைப் போத்தல்தான். நாலு மணிக்கு மழை விட்டது. போத்தலை எடுத்துக்கொண்டு மருந்துச் சாலையைப் பூட்டப் போனேன். வாசலில் குடை மடக்கிய பெரிய கங்காணி.

"நேரமாயிடுச்சுங்களா? ஒரு கிளாஸ் ஊத்திட்டுப் பூட்டுங்க."

"இன்னைக்கு இல்லைங்க."

"கையில இருக்கே."

வேறு யாரும் இல்லை. நான் அவரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். "கங்காணியாரே, இது மருந்து இல்ல. ஸ்ட்ராபெரிப் பாத்தியில நத்தையக் கொல்ல வாங்கி வச்ச கள். நாளைக்குக் கமலம் வருது. இதையும் நீங்க குடிச்சுட்டா, அது திங்கக்கிழமை திரும்பிடும்."

என் உத்தியோகம், சங்கம், பதினெட்டு வருஷத்து மரியாதை எல்லாம் அந்த அறையில் அவர் குடைமுனையில் நின்றன. அவர் போத்தலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நத்தைக்கு ஒரு வேளைக்கு எவ்வளவு ஊத்துவீங்க?"

"அரைச் சிரட்டை."

"அப்ப எனக்குக் குறைச்சித்தான் குடுத்திருக்கீங்க."

அவ்வளவுதான். குடையைச் சுவரில் சாய்த்தார், கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "வாங்க, பொழுது சாயறதுக்குள்ள ஊத்திடுவோம். முந்நூறு ஆள வச்சி மேய்க்கிறேன், நத்தைய மேய்க்க மாட்டனா?" பாத்தியில் குத்தவைத்துச் சிரட்டைகளைத் தம் கையால் துடைத்து, பழத்துக்குப் பக்கத்தில் ஒன்று, வேலியோரம் ஒன்று என்று, ஆட்களுக்குக் கொழுந்தெடுக்க மலை பிரித்துக் கொடுக்கிற கணக்கில் இடம் பிரித்து ஊற்றினார். ஒரு சொட்டு வீணாகவில்லை. குடிக்கவும் இல்லை.

அது கள் என்று அவருக்கு மார்ச் 9ஆம் தேதியே தெரியுமா என்று பிறகு இரண்டு முறை சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். இருமல் போய்விட்டது என்று மட்டும் சொல்கிறார்.

7

மறுநாள் சிரட்டைகளில் நத்தை நாற்பத்தேழு. பதினொரு பழத்தில் மூன்று போயின. எட்டு நின்றன, இருபுறமும் சிவந்து.

கமலம் பத்து மணி பஸ்ஸில் வந்தாள். பெட்டியைக்கூட வைக்காமல் பாத்திக்குப் போனாள். கட்டுத்துணியைத் தூக்கினாள். பழங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு குனிந்து ஒரு சிரட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"அப்பா. இது கள்ளு."

"நத்தைக்கு."

"நத்தைக்கு மட்டுமா?"

"அந்தக் கேள்விய உங்க அப்பாகிட்டக் கேக்காத, நாட்குறிப்பை எடுத்துட்டு வந்துடுவாரு" என்றாள் விசாலம். அவள் அப்படிச் சிரித்து நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

எட்டையும் கமலமே பறித்தாள். பாலேடு கிடையாது, எருமைத் தயிரில் சர்க்கரை போட்டுக் கொடுத்தோம். "ரூத் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தது இதைவிடப் பெருசு" என்றாள் முதல் பழத்துக்கு. இரண்டாவதுக்கு, "ஆனா அதுல வாசனையே இல்ல" என்றாள். நலம் விசாரிக்க வந்த பெரிய கங்காணிக்கு ஒன்று கொடுத்தாள். அவர் அதை மெதுவாக மென்றுவிட்டு, "பரவாயில்ல பாப்பா. ஆனா பன்னெண்டாம் நம்பர் இதைவிட நல்லா இருந்துச்சு" என்றார்.

திங்கள் வந்தது; அவள் போகவில்லை. பதினெட்டு நாள் இருந்தாள். காலையில் சிரட்டைக் கணக்கு அவள்தான் எழுதினாள், இங்கிலீஷில். என் கணக்கில் இரண்டு பிழை கண்டுபிடித்தாள். பெரேராவிடம் சிங்களத்தில் பேசிச் சிரித்தாள். எனக்குப் பாதிதான் புரிந்தது, அந்தப் பாதி என்னைப் பற்றியது.

தவறணை மனு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தலைவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறேன் என்று நான் சொல்கிறேன். செயலாளர் முதலில் போட்டால்தான் முறை என்று தலைவர் சொல்கிறார். இருவருக்கும் அவசரமில்லை.

பஸ் ஏறும்போது கமலம் கேட்டாள்: "ஆகஸ்ட் லீவுக்கும் வரேன்பா. அப்பவும் பழம் இருக்குமா?"

இருக்கும் என்றேன். போன வாரம் அதையே கடிதத்திலும் எழுதி, நகல் எடுத்து வைத்தேன். இதை எழுதும் மே 17 வரை, இந்த மலையில் ஆகஸ்டில் ஸ்ட்ராபெரி காய்க்குமா என்பதை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை. புத்தகத்தில் இல்லை. துரை மனைவிக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. பெரேராவிடம் மட்டும், ஜூலையிலிருந்து நாளுக்கு இரண்டு போத்தல் கள் என்று, சொல்லி வைத்திருக்கிறேன்.